காபி தண்ணியா இருக்கா? மிஷின் "பல்" தேய்ஞ்சிருக்கும்!

சென்னை,

"நேத்து அரைச்ச பொடிதான். டிக்காஷன் இறங்கவே மாட்டேங்குது!"

பல வீடுகளில் காலையில் கேட்கும் புலம்பல் இது. பழி கொட்டை மேல் விழும். இல்லாவிட்டால் பில்டர் மேல் விழும். ஆனால் பல நேரம் உண்மையான "குற்றவாளி" கடை மிஷினுக்குள் ஒளிந்திருக்கும். அதுதான் "பிளேட்"!

2 பிளேட்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் பக்கம் கண் எதிரே அரைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. மிஷினுக்குள் பல் வைத்த 2 பிளேட்டுகள் எதிரும் புதிருமாக இருக்கும். ஒன்று அசையாது. இன்னொன்று மோட்டாரில் சுற்றும். நடுவில் உள்ள பெரிய பல் கொட்டையை உடைக்கும். ஓரத்துச் சின்னப் பல் பொடியாக்கும். வெளியே உள்ள திருகைத் திருப்பினால் இடைவெளி கூடும், குறையும்.

பல் தேய்ந்தால்?

தேய்ந்த பல் வெட்டாது. நசுக்கும். மாவும் குருணையும் கலந்து விழும். மாவு பில்டர் துளையை அடைக்கும். குருணையில் சாரம் இறங்காது.

கடைக்காரர் திருகை இன்னும் இறுக்குவார். பிளேட் சூடேறும். மணம் கடையிலேயே பறந்து போகும்! 2 பிளேட்டும் உரசினால் இரும்புத் தூளும் பொடியில் சேரலாம்.

காசு கொடுத்து வாங்கியவருக்கு என்ன மிச்சம்? கசப்புத் தண்ணீர்தான்!

அடையாளம்

பொடி கை சுடும் அளவுக்குச் சூடாக விழுகிறதா? அரைக்க முன்பைவிட நேரம் ஆகிறதா? "கிரீச்" சத்தம் கேட்கிறதா? பிளேட்டைப் பார்க்க வேண்டிய நேரம் வந்தாச்சு.

கொட்டையோடு கல், ஆணி போனால் புது பிளேட்டும் ஒரே நாளில் பல் இழக்கும். புடைத்துப் பொறுக்கிப் போடுவது நல்லது.

மாற்றுவது எப்படி?

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பியூஸ் கட்டையையும் பிடுங்க வேண்டும். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் விரல் போய் விடும்!

பழைய பொடியைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். அதில் உள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தண்ணீர் படக்கூடாது. துரு ஏறும்.

பிளேட்டுகளை ஜோடியாகவே மாற்ற வேண்டும். "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டால் புதுசும் சீக்கிரம் பாழ்! திருகாணிகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். முதலில் விழும் பொடியைக் கொட்டி விட வேண்டும்.

வீட்டில் சோதனை

பொடியைத் தாளில் பரப்பி, மேலே காந்தத்தை ஓட்டுங்கள். இரும்புத் தூள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. தண்ணீர் டம்ளரில் பொடியைத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சீக்கிரம் மூழ்கி, கலர் கோடு இறங்கும். சிக்கரி கலந்த பொடியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். அளவு பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும்.

சந்தேகமா? அடுத்த முறை கடையில் தைரியமாகக் கேளுங்கள்: "அண்ணே, பிளேட் எப்போ மாத்தினீங்க?"