உடைந்த பல்லும் ஒரு டம்ளர் பாலும்

பல் உடைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கும், உள்ளே கீறல் விட்டிருக்கும், அல்லது முழுப்பல்லே கழன்று கையில் வந்திருக்கும். சில்லுக்கு ரெண்டு நாள் பொறுக்கலாம். கழன்ற பல்லுக்கு ஒரு மணி நேரம்கூட அதிகம். கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. கண்ணாடி மாதிரி, கடினம்தான், ஆனால் வளைந்து கொடுக்காது. எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் உயிருள்ள செல் கிடையாது, அதனால் போனது போனதுதான். அதற்கு அடியில் டென்டின், அதற்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பல்கூழ்.

அடிபடுவதைத் தவிர, சோற்றில் கிடக்கும் கல், கொட்டைப்பாக்கு, ஐஸ்கட்டி, பல்லாலேயே சோடா மூடி திறக்கும் வீரம் (எங்கள் பெரியப்பா இதில் பெயர்போனவர்) எல்லாம் காரணங்கள். ஆனால் பல நேரம் இட்லி சாப்பிடும்போதுகூட உடையும். உள்ளே சொத்தை குடைந்திருக்கும், அல்லது பழைய பெரிய ஃபில்லிங்கைச் சுற்றி மெல்லிய சுவர் மட்டும் மிஞ்சியிருக்கும். இட்லி மேல் பழி போடக்கூடாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் உண்டு. வயிற்றில் பூச்சி என்பார்கள் நம் வீடுகளில். பெரியவர்களிடம் மன அழுத்தமும் தூக்கக் கோளாறும்தான் அதிகம் பேசப்படுகின்றன.

ரூட் கெனால் செய்த கடவாய்ப்பல் தனிக்கதை. வலி போய்விடும், "இனி கேப் எதுக்கு, அதுக்கு வேற தனிக் காசு" என்று விட்டுவிடுகிறோம். சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து பல்லின் பாதியைத் தின்றிருக்க, மெல்லும் விசை முழுதும் மிச்சத்தின் மேல் விழுகிறது. அது நெடுக்காக வேர் வரை பிளந்தால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வழி. கேப் செலவை மிச்சம் பிடித்த கணக்கு அங்கே உதைக்கும்.

கீறல் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் அநேகமாகத் தெரியாது. அதன் அடையாளம் விசித்திரமானது: கடிக்கும்போதைவிட, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுருக்கென்று வலிக்கும். இதை டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அவர் தேடும் நேரம் குறையும்.

இனி கழன்ற பல். குழந்தையின் பால் பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது, அடியில் முளைக்கும் பல்லைக் கெடுத்துவிடும். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதெல்லாம் அதற்குச் சரி. நிலைத்த பல்லை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதன் வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை பிழைத்தால்தான் பல் திரும்ப ஒட்டும். ஆகவே வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் பாலில் ஒருமுறை அலசலாம், தேய்க்கக்கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே வைத்து, சுத்தமான துணியை மெதுவாகக் கடித்தபடி ஓடுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் ஆறிய பாலில் போடுங்கள். துணியில் மடித்தால் செல்கள் காய்ந்து சாகும், தண்ணீரில் போட்டு வைத்தால் ஊறி வெடிக்கும். இளநீரையும் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பால் எந்த டீக்கடையிலும் கிடைக்கும். அரை மணிக்குள் டாக்டர் கையில் சேர்ந்தால் நல்லது. காய்ந்தபடி ஒரு மணி தாண்டினால் அந்தச் செல்கள் தேறுவது கஷ்டம்.

மற்றபடி, வலியில்லாத சில்லு என்றால் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு சில நாளுக்குள் போகலாம், சில சமயம் அதையே ஒட்டுவார்கள். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, பல் ஆடினாலோ, இடம் மாறியிருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். சூடோ குளிரோ பட்டபின் வலி நின்று விண்ணென்று தெறித்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஈறில் ஆஸ்பிரின் வைத்து அடக்குவது வேண்டாம், சதை வெந்துவிடும். விழுந்து அடிபட்டவருக்கு மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை மறந்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரி. தாடைக்கடியில் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் அப்படித்தான். பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருக்கக்கூடாது, நேராக அவசரப் பிரிவுக்கு.