எண்களின் கதை – 3: இடைகழியில் நின்ற மூவர்

சென்ற வாரம் இரண்டு என்னும் எண்ணை முன்னிட்டு, பகலென்றும் இரவென்றும், இன்பமென்றும் துன்பமென்றும் உலகத்தை இரு கூறாக்கிப் பார்க்கும் மனித சுபாவத்தை விசாரித்தோம். இவ்வாரம் மூன்றுக்கு வருகிறோம். மூன்றின் மகிமையைச் சொல்ல முற்படுவோர் மும்மூர்த்திகளில் தொடங்கி, முத்தமிழ், முப்பால், முக்கனி, மூவேந்தர் என்று அடுக்கிக்கொண்டே போவது வழக்கம். அந்த ஜாபிதா வாசகர்கள் அறிந்ததே. ஆகையால் அதை ஒதுக்கிவிட்டு, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாக உதித்த கள்ளக்குறிச்சியின் எல்லைக்குள்ளே இவ்வெண் பூண்டிருக்கும் வேஷங்களிலிருந்து தொடங்குவோம்.

தென்பெண்ணையின் கரையிலுள்ள திருக்கோவலூரில், ஒரு காலைத் தரையில் ஊன்றி மறு காலை விண்ணை நோக்கி வீசி நிற்கிறார் திரிவிக்கிரமப் பெருமாள். மண்ணுலகை ஓர் அடியாலும் விண்ணுலகை மற்றோர் அடியாலும் அளந்து, மூன்றாவது அடிக்கு இடமின்றி மாவலியின் சிரசையே இடமாகக் கொண்ட கோலம் அது. இதே க்ஷேத்திரத்தில்தான், காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரும், மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும், முன்பின் ஒருவரையொருவர் அறியாதவர்களாய், மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில் ஒரே இடைகழியில் ஒதுங்கினார்கள் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் கூறுகிறது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பதே அவ்விடத்தின் விஸ்தீரணம். மூவரும் நின்றிருக்கையில் நாலாவதாக யாரோ புகுந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நாலாமவர் எம்பெருமானே என்று தெளிந்து, ஆளுக்கு நூறு வெண்பாவாக மூன்று திருவந்தாதிகளைப் பாடினார்கள். திவ்யப் பிரபந்தத்தின் கதையே இந்த நெருக்கடியிலிருந்துதான் தொடங்குகிறது.

கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் இருப்பதை நெருக்கத்தைக் கொண்டு அறிவது பக்தர்களுக்கு மட்டும் உரிய உபாயமன்று. பௌதிக சாஸ்திரிகளும் அதே உபாயத்தைக் கையாண்டிருக்கிறார்கள். நியூட்ரினோ என்பது எந்தப் பொருளோடும் அநேகமாக உறவு கொள்ளாமல் பூமியையே ஊடுருவிச் சென்றுவிடும் நுண்துகள். அதில் மூன்று வகைகள் உண்டென்று எண்ணியிருந்த விஞ்ஞானிகள், இன்னும் நான்காவது ஐந்தாவது வகைகளும் மறைந்திருக்குமோ என்று ஐயுற்றார்கள். ஜெனீவாவுக்கு அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைத்த யந்திரத்தில், 1989-ஆம் ஆண்டு, இசட் என்னும் துகளை ஏராளமாக உண்டாக்கி, அது சிதைவதை அளந்து பார்த்தார்கள். சிதைவதற்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனைக்குத் தக்கபடி அத்துகளின் ஆயுள் குறுகும், அதன் சக்தியின் அளவுக்கோடு அகலும். ஆகவே, காணாத நியூட்ரினோ வகை ஒவ்வொன்றும் அக்கோட்டைச் சிறிது அகட்டியே தீர வேண்டும். அளந்து கிடைத்த விடை மூன்றுக்கு மிக அருகில் வந்து நின்றது. திருக்கோவலூர் இடைகழியில் நாலாமவர் இருந்தார். ஜெனீவாவின் இடைகழியில், இலேசான நியூட்ரினோக்களைப் பொறுத்தமட்டில், நாலாமவர் இல்லை.

இனி மேற்கே திரும்பி, கல்வராயன் மலைமீது ஏறுவோம். அங்கு வாழும் மலையாளிகள் கேரள தேசத்தாரல்லர். தமிழ் பேசும் மலைவாசிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதீகம். இந்த ஐதீகத்தின் ஒரு வடிவம், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்கள் காஞ்சியை விட்டு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்கிறது. ஆனால் மலையாளிகளோ கல்வராயனிலும் இருக்கிறார்கள், ஜவ்வாதிலும் ஏலகிரியிலும் இருக்கிறார்கள். மலைகளின் கணக்கு மூன்றைத் தாண்டிப் போயும், கதை மூவரைத் தாண்டிப் போகவில்லை. கல்வராயனின் கள்ளக்குறிச்சிப் பகுதியை நெடுங்காலம் ஆண்டவர்களும் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களே. இனாம்களை ஒழிக்கும் சட்டம் 1963-இலேயே பிறந்துவிட்டபோதிலும், 1976 ஜூன் 25 அன்றுதான் மலை அரசாங்கத்தின் வசம் வந்தது. சகோதரர்கள் மூவர் என்பது கதையின் மூன்று, ஜாகீர்தார்கள் மூவர் என்பது சரித்திரத்தின் மூன்று. கதையில் அவ்வெண் வேண்டுமென்றே வந்து அமர்ந்தது. சரித்திரத்தில் அது தற்செயலாய் நேர்ந்தது.

இம்மலையில் விளையும் கடுக்காய் பேர்போன சரக்கு. தோல் பதனிடுவோர் அதன் துவர்ப்புக்காக அதை வாங்குவார்கள். வைத்தியர்களோ அதனோடு நெல்லிக்காயையும் தான்றிக்காயையும் கூட்டி, கொட்டை நீக்கிப் பொடித்து, திரிபலா சூரணம் செய்வார்கள். வாதம், பித்தம், கபம் என்று தோஷங்களை மூன்றாக வகுத்த வைத்திய சாஸ்திரம், மருந்தையும் திரிபலா என்றும் திரிகடுகம் என்றும் மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டதில் வியப்பில்லை. கடுக்காயின் துவர்ப்பு இயற்கை தந்தது. மூன்றாகக் கூட்டிய கணக்கு மனிதன் வகுத்தது.

அப்படியானால் இயற்கையே வற்புறுத்தும் மூன்று உண்டா என்று கேட்கலாம். உண்டு. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தால், தரை மேடும் பள்ளமுமாய் இருந்தாலும் பானை ஆடாது. நாலாவது கல்லை வைத்தால்தான் ஆட்டம் தொடங்கும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிச்சயிக்கின்றன என்னும் க்ஷேத்திர கணிதத்தின் விதியே அடுப்பங்கரையில் இவ்வாறு வேலை செய்கிறது. நான்கு சட்டங்களை மூலைகளில் ஆணியடித்துக் கோத்தால் அந்தச் சதுரம் சாய்ந்துபோகும். மூன்றைக் கோத்தால் சாயாது. பக்கங்களை மாற்றினாலன்றி உருவம் மாறாத இந்த முக்கோணத்தை நம்பியே, வில்லியம் லாம்டன் 1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணத்தின் மேல் முக்கோணமாய்க் கட்டிக்கொண்டு போய், பாரத தேசம் முழுவதையும் அளக்கும் மகத்தான காரியத்துக்கு அஸ்திவாரமிட்டார்.

உயிரின் ரகசியத்திலும் இந்த நிர்ப்பந்தம் தென்படுகிறது. நம் உடலின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றைக் குறித்துவைக்க டி.என்.ஏ. என்னும் ஏட்டில் இருப்பவையோ நான்கே எழுத்துக்கள். ஒவ்வோர் எழுத்தாய் வாசித்தால் நான்கு சொற்களும், இரண்டிரண்டாய் வாசித்தால் பதினாறு சொற்களும் தாம் கிடைக்கும். இருபதுக்கு இவை போதா. மும்மூன்றாய் வாசித்தால் அறுபத்து நான்கு கிடைக்கும். கேம்பிரிட்ஜில் கிரிக், பிரென்னர் முதலியோர் 1961-இல் ஒரு வைரஸை வைத்து இதைப் பரிசோதித்தார்கள். ஓர் எழுத்தைச் செருகினால் வாசகம் கெட்டது, இரண்டைச் செருகினாலும் கெட்டது, மூன்றைச் செருகியபோது மீண்டும் பொருள் பெற்றது. இங்கே மூன்று என்பது சம்பிரதாயமன்று, அவசியம்.

ஆயினும் மூன்றை நிலைபேற்றின் எண் என்று அவசரப்பட்டுப் போற்றிவிடலாகாது. ஆகாயத்தில் இரண்டு கோளங்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றும் கதியை நியூட்டன் திட்டமாகக் கணித்துவிட்டார். மூன்றாவது கோளம் ஒன்று வந்து சேர்ந்ததும் கணிதம் தத்தளித்தது. ஸ்வீடன் தேசத்து அரசர் இரண்டாம் ஆஸ்கார் ஏற்படுத்திய பரிசை 1889-இல் வென்ற புவான்காரே என்னும் பிரெஞ்சு மேதை கண்டது, ஆரம்பத்தில் எள்ளளவு வித்தியாசம் இருந்தாலும் முடிவு வேறாகிவிடும் அந்தச் சிக்கலின் சொரூபத்தையே. தரையில் ஸ்திரத்தைக் கொடுக்கும் எண்ணே வானத்தில் குழப்பத்தின் தொடக்கமாய் இருக்கிறது.

மனிதன் இவ்வெண்ணை இத்தனை இடங்களில் நாடுவானேன்? வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஒரு பெட்டியில் அவரை விதைகளை வீசி, எண்ணாமல் கண்ட மாத்திரத்தில் தொகை சொல்லிப் பழகி, தம் அனுபவத்தை 1871-இல் பிரசுரித்தார். மூன்றிலும் நான்கிலும் அவர் ஒருமுறையும் தவறவில்லை. ஐந்து முதல் தவறுகள் தலைகாட்டின. எண்ணாமலே மனம் பிடித்துக்கொள்ளும் சிறு தொகைகளுக்குள் அடங்குவது மூன்று. ஒன்று தனிமை, இரண்டு எதிர்நிலை, மூன்றாவது வந்தால்தான் தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு வரிசை அமைகிறது. மூன்று சகோதரர்களின் கதையைக் குழந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஏழு பேரானால் யாராவது ஒருவர் மறதியில் நழுவிப்போவார்.

ஆகவே மூன்று இரண்டு வகைப்படும். அடுப்புக்கல்லிலும் முக்கோணத்திலும் டி.என்.ஏ.விலும் இருப்பது, மனிதன் தோன்றாவிட்டாலும் இருந்தே தீரும் மூன்று. சகோதரர்களின் கதையிலும் தோஷங்களின் வகுப்பிலும் இருப்பது, மனிதன் தன் சௌகரியத்துக்காக இட்டுக்கொண்ட மூன்று. இரண்டாவது வகை மட்டமானதென்று சொல்ல வரவில்லை; ஒரு சமூகம் தன் பூர்வ சரித்திரத்தைப் பேணிவந்தது அதன் துணையால்தான். ஆனால் ஒன்றை மற்றொன்றாக மயங்கி, எங்கே மூன்றைக் கண்டாலும் அதில் பிரபஞ்ச ரகசியம் ஒளிந்திருப்பதாகப் பிரமிப்பது விவேகமாகாது. தங்கள் ஊர்க் கதைகளிலும் வழக்கங்களிலும் மூன்று என்று வருமிடங்களை வாசகர்கள் ஒருமுறை நினைத்துப் பார்த்து, அது எவ்வகை மூன்று என்று தாங்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டுகிறேன். அடுத்த வாரம் நான்கைப் பார்ப்போம்.