கொப்பறாவும் காறிய எண்ணெயும்

தேங்காயெண்ணெய் நுவரெலியாவிற் குளிர்காலையில் உறைந்து கிடக்கும்; மட்டக்களப்பில் நீர்போல் ஓடும். நல்லெண்ணெயோ ஈரிடத்தும் உறைவதில்லை. இவ்வேற்றுமைக்கும், ஈரக் கொப்பறாவின் எண்ணெய் காறிப்போவதற்கும் காரணம் எண்ணெயின் அமைப்பிலேயே உண்டு. அதனை அறிந்த கமக்காரர் தம் கொப்பறாவைப் பழுதின்றிக் காத்துக்கொள்ளலாம்.

எண்ணெயின் அமைப்பு

எண்ணெய்களும் கொழுப்புக்களும் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூலகங்களால் ஆனவை. ஒரு கிளிசரோல் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பமிலங்கள் இணைந்து ஒரு கொழுப்பு மூலக்கூறாகும். கிளிசரோல் வாரியின் கட்டையைப் போன்றது. கொழுப்பமிலங்கள் அதிற் பொருத்திய மூன்று பற்களைப் போன்றவை.

தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களுள் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியவை. அவற்றின் காபன் சங்கிலிகள் நேரானவை; ஆதலின் நெருங்கி அடுக்குண்டு, ஏறக்குறைய 24 பாகை செல்சியசிற் கீழ் உறைகின்றன. நல்லெண்ணெயிற் பெரும்பங்கு நிரம்பாதவை. அவற்றின் சங்கிலிகள் இரட்டைப் பிணைப்புள்ள இடங்களில் வளைந்திருத்தலால் எளிதில் அடுக்குண்பதில்லை.

காறுதற்குக் காரணம்

நிரம்பாத எண்ணெயைக் காற்றிலுள்ள ஒட்சிசன் தாக்கும். தேங்காயெண்ணெய்க்கு அப்பகை சிறிது, ஈரமே பெரும்பகை. ஈரமுள்ள கொப்பறாவிற் பூஞ்சணம் பற்றும். அது சுரக்கும் நொதியம் நீரின் துணையுடன் கொழுப்பமிலங்களைக் கிளிசரோலினின்றும் பிரித்துவிடும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய அரைப்பங்கான இலோரிக்கமிலம் இவ்வாறு பிரியும்போது எண்ணெய் சவர்க்காரச் சுவை பெறும். ஆலையிற் காரமிட்டுச் சுத்திசெய்யும்போது, பிரிந்த அமிலங்கள் சவர்க்காரமாகி நீங்குவதால் எண்ணெயும் குறையும். பழுதான கொப்பறாவின் விலை இறங்குவது இதனாலேயாம்.

செய்யவேண்டியவை

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய அரைப்பங்கு நீராகும். அதனை நூற்றுக்கு 6 பங்காகக் குறைத்தல் வேண்டும். தேங்காய் உடைத்த அன்றே உலர்த்தத் தொடங்குக. வெயிலில் உலர்த்துவோர் இரவிற் பனிபடாது மூடுக. சூளையில் உலர்த்துவோர் சிரட்டையையே எரித்தல் நன்று. அது புகை குறைவாகத் தரும். நன்குலர்ந்த கொப்பறா வளையாது, சடக்கென ஒடியும். சாக்குகளைத் தரையில் வையாது பலகைமேல் அடுக்குக.

மஞ்சள் அல்லது பச்சை நிறப் பூஞ்சணம் பற்றிய துண்டுகளை நல்லவற்றோடு கலத்தலாகாது. அதில் அபிளாதொட்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அந்நஞ்சு புண்ணாக்கில் எஞ்சிக் கோழிகளைக் கொல்லும். பசுவின் பாலிலும் சேரும். சமைத்தாலும் எளிதில் அழியாது. சில நாள் வெயிலை மிச்சம்பிடிக்க எண்ணிக் கொப்பறாவை ஈரத்தோடு கட்டுபவர் எண்ணெயையும் இழந்து, கால்நடைக்கும் கேடு தேடுகின்றார்.