வேர்முடிச்சில் விளையும் உரம்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய தீவகப் பகுதிகளின் நிலம் சுண்ணாம்புக்கல்லின்மேல் படிந்த ஆழமற்ற மண்ணாகையால், மிகுதியாக இடப்படும் யூரியாவின் நைதரசன் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறி, மழைநீரோடு கசிந்து கிணற்று நீரை அடையக்கூடும். பயறு, உழுந்து, சணல் போன்ற அவரையினப் பயிர்களோ, காற்றில் 78 சதவீதமாக உள்ள நைதரசனை, வேர்முடிச்சுகளில் வாழும் றைசோபியம் என்னும் பற்றீரியாவின் துணையால் அமோனியாவாகப் பெற்று, பதிலுக்கு அதற்குச் சர்க்கரையை அளிக்கின்றன. அவரையினப் பயிர்கள் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றின் நைதரசனைப் பெறுகின்றன என்பதை 1888இல் ஜெர்மானியரான ஹெல்றீகலும் வில்பார்த்தும் நிறுவினர். பூக்கும் பருவத்தில் செடியொன்றை மெல்லத் தோண்டியெடுத்து, முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு, ஒட்சிசனை அளவோடு வழங்கும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் நிறமாகும். முடிச்சு செயற்படுவதற்கு அதுவே சான்று. சணலைப் பூக்கும்போதே மடக்கி உழுது, பயற்றின் வேரைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டால், அந்த நைதரசனின் ஒரு பகுதி அடுத்த பயிருக்கு உதவி, யூரியாவின் தேவையைக் குறைக்கும். கிணற்று நீரை நம்பி வாழும் தீவக மக்கள் இப்பயிர்களைக் கைவிடலாகாது.