திராட்சைக் குச்சியும் இலைச்சுருள் வைரஸும்

அடி அண்ணாமலைப் பக்கம் திராட்சைப் பந்தல் போட எண்ணும் அங்கத்தினர்கள், குச்சி வாங்குமுன் ஒன்றைக் கருதுதல் நலம். இலைச்சுருள் வைரஸ் குச்சி வழியாகவே புதுத் தோட்டத்துள் நுழைகிறது. பின்னர் மாவுப்பூச்சி அதனைக் கொடிக்குக் கொடி பரப்புகிறது. கறுப்புத் திராட்சையில் முதிர்ந்த இலைகள் சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். பழம் தாமதித்துப் பழுக்கும், இனிப்புக் குறையும். நோயுற்ற கொடியைத் தேற்றும் மருந்து கிடையாது.

ஆயினும் கண்டறிய வழியுண்டு. இவ்வினத்தில் முதன்மையான மூன்றாம் வகை வைரஸின் மரபுப்பொருள், ஏறத்தாழ 18,500 எழுத்துக்கள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையாகும். அதன் ஒரு பகுதியைப் பி.சி.ஆர். முறையில் பன்மடங்கு பெருக்கினால், அறிகுறி தோன்றாத கொடியிலும் நோய் புலப்படும். மகாராட்டிரத்து நாசிக் தோட்டங்களிலும் இவ்வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது.

தனியொருவர்க்குப் பரிசோதனைச் செலவு பாரமே. தாய்க்கொடிகளைச் சங்கமே பரிசோதித்துக் குச்சி வெட்டுவிப்பின், அச்செலவு பலர்க்கும் பகிர்ந்து சிறிதாகும். ஆதலின், பரிசோதித்த குச்சியையே கூட்டாகக் கொள்முதல் செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.