மின்னஞ்சலின் முத்திரையைப் பார்த்தறிதல்

கைரேகை பதித்துச் சம்பளம் பெற்ற காலம் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவருடைய ரேகையை மற்றொருவர் வைக்க இயலாது என்பதே அதன் வலிமை. இன்று சேமநிதி பற்றியும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை பற்றியும் மின்னஞ்சல் வருகின்றது. அனுப்பியவர் இன்னார் எனத் திரையில் காணும் பெயரை எவரும் தம் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம். கடிதத்தின் அடியில் காணப்படும் கையெழுத்தும் வெறும் படமே.

மின்னிலக்கக் கையொப்பம் என்பது வேறு. அதனை இடுபவருக்கு இரண்டு திறவுகோல்கள் உண்டு. ஒன்று அவரிடம் மட்டுமே இருக்கும் இரகசிய எண். மற்றது எல்லாருக்கும் வெளியிடப்படுவது. கணினி கடிதம் முழுவதையும் ஒரு சுருக்கக் கணக்காக்கி, இரகசியத் திறவுகோலால் முத்திரையிடுகின்றது. நம் கணினி மற்றதைக் கொண்டு அதனைச் சரிபார்க்கின்றது. வழியில் எவரேனும் 500 ரிங்கிட்டை 5,000 ஆக்கியிருந்தால் கணக்கு ஒவ்வாது, எச்சரிக்கை தோன்றும்.

அத்திறவுகோல் இன்னாருக்கு உரியது என உறுதி கூறுவதே சான்றிதழ். சான்றிதழ் வழங்கும் நிலையங்களுக்கு உரிமம் அளிக்க வகைசெய்யும் 1997ஆம் ஆண்டின் மின்னிலக்கக் கையொப்பச் சட்டம், நம் நாட்டில் 1998 அக்டோபர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது.

அவுட்லுக் செயலியில், கையொப்பமிட்ட கடிதத்தில் சிவப்பு நாடா போன்ற குறி காணப்படும். குறியைக் கண்டதுமே மனநிறைவு கொள்வோர் பலர். நாமும் அவ்வாறு இருந்தவர்களே. ஏமாற்றுக்காரனும் தன் சொந்த முகவரிக்கு முறைப்படி சான்றிதழ் பெறலாம் அல்லவா? ஆகவே குறியைச் சொடுக்கிச் சான்றிதழைத் திறந்து, அதிலுள்ள மின்னஞ்சல் முகவரி அவ்வலுவலகத்தின் முகவரிதானா என எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். வழங்கியவர் யார், தவணை முடிந்துவிட்டதா, சான்றிதழ் மீட்டுக்கொள்ளப்பட்டதா என்பனவும் அங்கேயே தெரியும்.

சான்றிதழ் களவு போவதும் உண்டு. நம் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் பெயரிலிருந்த சான்றிதழைக் கொண்டு கையொப்பமிடப்பட்ட தீய கணினி நிரல் ஒன்றை, 2011 நவம்பரில் ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் வெளிப்படுத்தியது. அது திருடப்பட்ட சான்றிதழ்.

உண்மையான அலுவலகக் கடிதங்கள் பலவற்றில் இம்முத்திரை இருப்பதில்லை. கைப்பேசிச் செயலிகள் பல இருந்தாலும் காட்டுவதில்லை. முத்திரை இல்லாத கடிதமெல்லாம் பொய்யன்று. எனினும் அது பணத்தையோ அடையாள அட்டை எண்ணையோ கேட்குமாயின், அவ்வலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். அக்கடிதத்திலேயே தரப்பட்டுள்ள எண்ணை மட்டும் அழைக்கலாகாது.