அடி வாங்கியவள் எங்கே போவாள்?

ஒரு நாள் மாலை. எங்கள் மையத்தில் பாடம் முடிந்து விட்டது. வெளியே மழை. யாரும் கிளம்பவில்லை. பேச்சு வளர்ந்தது.

ஒரு அக்கா சொன்னார். அவர் பாலாப்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்.

“அங்கே பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள், டீச்சர். நேற்று ஒரு பெண்ணைப் பார்த்தேன். முகமெல்லாம் வீக்கம். புருஷன் அடித்திருக்கிறான். போலீசுக்குப் போ என்றேன். ‘நான் போனால் என்னைத்தான் பிடித்து வைப்பார்கள்’ என்கிறாள். நாடு இல்லாதவளுக்குச் சட்டம் உண்டா?”

இன்னொரு அக்கா கேட்டார்: “புருஷன் அடிக்குப் பயந்து ஒருத்தி வேறு நாட்டுக்கு ஓடினால், அந்த நாடு அவளைச் சேர்த்துக் கொள்ளுமா?”

இரண்டும் நல்ல கேள்விகள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

அகதி என்பவர் யார்?

1951-ல் ஜெனீவா நகரில் பல நாடுகள் கூடின. அகதிகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. அகதி யார் என்று அதில் எழுதி வைத்தன.

சொந்த நாட்டில் கொடுமை நடக்கும் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும். சொந்த அரசு அவரைக் காக்காது என்ற நிலையும் இருக்க வேண்டும். அந்தக் கொடுமைக்கு ஐந்து காரணங்களில் ஒன்று வேண்டும். இனம், மதம், தேசம், அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது. இவையே அந்த ஐந்து.

இந்தப் பட்டியலில் ‘பெண்’ என்ற சொல் இல்லை. ‘புருஷன் அடித்தான்’ என்பதும் இல்லை. அதனால் பல ஆண்டுகள் பெண்களின் மனுக்கள் தள்ளப்பட்டன. “இது வீட்டுச் சண்டை. அரசு உங்களை அடிக்கவில்லையே” என்று பதில் வந்தது.

1999-ல் வந்த தீர்ப்பு

பாகிஸ்தானைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பிரிட்டனுக்கு வந்தார்கள். இருவரும் கணவனிடம் அடிபட்டவர்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். நடத்தை கெட்டவள் என்ற பொய்ப் பழி வரும் என்று பயந்தார்கள். அந்தப் பழி வந்தால் அங்கே கடும் தண்டனை. காக்க வேண்டிய அரசும் அவர்களைக் காக்காது.

வழக்கு அப்போது பிரிட்டனின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 1999 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. இருவரும் அகதிகளே என்று சபை சொன்னது.

அந்தத் தீர்ப்பில் ஓர் எளிய கணக்கு உண்டு. பெரிய தீங்கு ஒன்று. காக்காத அரசு ஒன்று. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் கொடுமை. அடிப்பது கணவனாக இருக்கலாம். பெண் என்பதாலேயே அரசு அவளைக் கைவிட்டால், பழி அரசின் மேலும் விழுகிறது.

எல்லா நாட்டிலும் இப்படி ஆகிவிடவில்லை. அமெரிக்காவில் 2014-ல் ஒரு மனைவியின் மனுவுக்கு இதே போல வழி திறந்தது. 2018-ல் அந்த வழியை அடைத்தார்கள். 2021-ல் மறுபடி திறந்தார்கள். அரசு மாறினால் விதியும் மாறுகிறது. வேறு நாட்டுக்கு ஓடுவது கடைசி வழி. அதுவும் நிச்சயம் இல்லாத வழி.

அரசு காக்கிறதா? எப்படிப் பார்ப்பது?

இப்படி மனு வந்தால் அதிகாரிகள் சில கேள்விகள் கேட்பார்கள். உங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறதா? புகார் கொடுத்தீர்களா? போலீஸ் என்ன செய்தது? கொடுக்கவில்லை என்றால் ஏன்? அதே நாட்டில் வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்க முடியாதா?

சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. போய்க் கேட்டால் கிடைக்க வேண்டும். இந்தக் கேள்வியை நம் ஊரைப் பார்த்தும் கேட்கலாம், அல்லவா?

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

மனைவியைக் கொடுமை செய்வது குற்றம் என்று 1983-ல் சட்டம் வந்தது. அதுதான் 498-ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 85-வது பிரிவாக உள்ளது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

2005-ல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. கேவலமாகத் திட்டுவது, சம்பளத்தைப் பிடுங்குவது, செலவுக்குக் கொடுக்காமல் வதைப்பது, படுக்கையில் வதைப்பது எல்லாம் வன்முறைதான்.

இந்தச் சட்டப்படி நீதிமன்றம் என்ன செய்யும்? ‘இனி அவளை அடிக்காதே, நெருங்காதே’ என்று உத்தரவு போடும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை. வீடு கணவன் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ளக் கூடாது. மருந்துச் செலவும் பிள்ளைகள் செலவும் கேட்கலாம். இதற்கு உதவவே பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், சட்ட உதவி இலவசம்.

நம் ஹைதராபாத்தில் 2014-ல் ‘ஷீ டீம்’ போலீஸ் வந்தது. தெருவிலும் பஸ்ஸிலும் தொல்லை தருபவர்களைப் பிடிப்பது அதன் வேலை. 2016-ல் ‘பரோசா’ மையம் வந்தது. அடிபட்ட பெண்ணுக்குப் போலீஸ், மருத்துவம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க அது ஏற்பட்டது. ‘சகி’ மையங்களும் உள்ளன. அங்கே சில நாள் தங்கவும் இடம் உண்டு.

நாடு இல்லாதவளுக்கு?

பாலாப்பூர்ப் பெண்ணுக்கு வருவோம். அங்கே இருப்பவர்கள் ரோஹிங்கியா மக்கள். 2012-க்குப் பின் பர்மாவில், அதாவது மியான்மரில், நடந்த வன்முறைக்குத் தப்பி இங்கே வந்தவர்கள் பலர். ஐ.நா. அகதிகள் ஆணையம் அவர்களுக்கு அட்டை கொடுத்திருக்கிறது. ஆனால் 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. மத்திய அரசு அவர்களை அகதி என்று ஏற்கவும் இல்லை. ஆகவே அந்தப் பெண்ணின் பயம் வீண் பயம் அல்ல.

ஆனாலும் சட்டம் அவளைத் தள்ளவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் ‘எந்தப் பெண்ணும்’ என்று சொல்கிறது. ‘இந்தியப் பெண்’ என்று சொல்லவில்லை. தற்காலிகமாகத் தங்கும் ஊரிலும் மனுப் போடலாம். வெளிநாட்டுப் பெண்ணுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்று 2021-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. இதை 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கும் இது பொருந்தும்.

அவள் தனியாகப் போலீசுக்குப் போக வேண்டாம். முதலில் சகி மையத்துக்கோ, நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்துக்கோ போகலாம். கூட ஒருவர் போவது நல்லது.

காகிதம் முக்கியம்

ஒரு முறை ஓர் அக்காவுடன் நான் புகார் கொடுக்கப் போனேன். “குடும்பம் என்றால் இருக்கத்தான் செய்யும், சமாதானமாகப் போங்கள்” என்றார்கள். திரும்பி வந்தோம். கையில் ஒரு சீட்டும் இல்லை. நாங்கள் போனதற்கே சாட்சி இல்லை. அடுத்த முறை மனுவை எழுதி எடுத்துப் போனோம். நகலில் முத்திரை கேட்டோம். போட்டுக் கொடுத்தார்கள். அந்த நகல்தான் பிறகு நீதிமன்றத்தில் பேசியது.

எனவே மறக்காதீர்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் இலவசம். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தேதியை எழுதி வையுங்கள். எழுத்து கற்றதன் பயன் இதில்தான் தெரியும்.

இதை எல்லாம் மறுநாள் மையத்தில் சொன்னேன். அந்த அக்கா நோட்டை எடுத்தார். நம்பர்களைப் பெரிதாக எழுதிக் கொண்டார். “இதை அவளிடம் கொடுப்பேன், டீச்சர். நானும் கூடப் போவேன்” என்றார்.

நினைவில் வைப்போம்
பெண்கள் உதவி: 181
அவசரம்: 112
இலவச சட்ட உதவி: 15100

பேசுவோம்
1. ‘வீட்டுச் சண்டை’ என்று சொல்லி நாம் யாரையாவது கைவிட்டது உண்டா?
2. உங்கள் பஸ்தியில் அடிபட்ட பெண் முதலில் யாரிடம் போகிறாள்? ஏன்?
3. புகார் மனு ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள்.